பலெர்மோவில் நான்கு மாதம்

அந்தத் திகதியை அனோஜினி மூன்று தடவை வாசித்தாள். மூன்று தடவையும் அது மார்ச் பதினொன்றாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. லண்டன் மோர்டனில் அம்மா வீட்டுக் குசினி மேசையில் மடிக்கணினி திறந்திருந்தது. பக்கத்தில் கணவன் தர்சிகனின் போன். அதற்கும் பக்கத்தில் ஆடை படிந்து ஆறிப்போன தேத்தண்ணீர். லிப்ட் திருத்தும் கம்பெனி ஒன்றில் தர்சிகனுக்குத் திங்கட்கிழமை வேலை தொடங்குகிறது. அவனுக்கு இங்கே வேலை செய்ய அனுமதி இருக்கிறதா என்று சரிபார்க்க ஓர் எண் வேண்டும், வெள்ளி மாலை ஐந்து மணிக்குள் அனுப்புங்கள் என்று கம்பெனியில் கேட்டிருந்தார்கள். அரசாங்கத்தின் இணையத் தளத்தில், அவனுடைய விசாக் கணக்குக்குள் போய்த்தான் அதை எடுக்க வேண்டும். ஆங்கிலப் படிவம் என்றாலே தர்சிகனுக்கு வேர்த்துவிடும். போனை அவள் கையில் கொடுத்து, கடவுச்சொல்லையும் சொல்லிவிட்டு, நீரே எடுத்துவிடும், நான் ஒருக்கா நடந்துவிட்டு வருகிறேன் என்று போய்விட்டான்.

அந்தக் கணக்கைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே அவனுடைய படமும், விசா தொடங்கிய நாளும் வரும் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

விசா ஜூலை மூன்றாம் திகதி வந்ததாகத்தான் அவளுக்குச் சொல்லியிருந்தான். ஜூலை பதினான்கில் இருவரும் பலெர்மோவிலிருந்து லண்டனுக்கு வந்து இறங்கினார்கள். இன்று ஓகஸ்ட் ஏழு. கணினிப் பிழையாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தாள். பிழையென்றால் இப்போதே வழக்கறிஞரைக் கேட்க வேண்டும், வேலைக்கு இடைஞ்சல் வந்துவிடக் கூடாது என்று அவன் போனில் அவருடைய கடிதங்களைத் தேடினாள். வெம்பிளியில் அலுவலகம் வைத்திருக்கும் சேகர் என்பவர்தான் விசாவுக்கு விண்ணப்பித்துக் கொடுத்தவர். அவருடைய கடிதம் கிடைத்தது. மார்ச் ஆறாம் திகதி அனுப்பியது. ஏற்கெனவே திறந்து வாசிக்கப்பட்ட கடிதம்.

'தம்பி, விசா கிடைத்துவிட்டது. மிக்க சந்தோசம். பதினோராம் திகதியிலிருந்து எப்போதும் வரலாம். தங்கச்சி அனோஜினிக்கும் சொல்லுங்கோ.'

அனோஜினி போனை மேசையில் வைத்தாள். வைத்த சத்தம்கூடத் தூரத்தில் யாரோ வைத்ததுபோல் கேட்டது.

மார்ச் ஆறு வெள்ளிக்கிழமை. அவளுக்கு அது நன்றாகத் தெரியும், ஏனென்றால் அவள் ஒவ்வொரு வெள்ளியும் கேட்பாள். வேலை முடிந்து அவன் படியேறி வந்ததும், கை கழுவுமுன்னரே, "வந்ததே?" என்பாள். "இன்னும் இல்லை," என்பான். ஒரு தடவையல்ல. மார்ச் முழுவதும், ஏப்ரல் முழுவதும். அவள் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னான்.

அவர்களுக்குக் கலியாணமாகி இந்த மாதத்தோடு ஒரு வருடம். அனோஜினி லண்டனில் பிறந்தவள், மருந்தாளர். தர்சிகன் மூன்று வயதில் தாய் தகப்பனோடு இத்தாலியின் சிசிலித் தீவிலிருக்கும் பலெர்மோவுக்குப் போய், அங்கேயே படித்து, கப்பல் திருத்தும் தளத்தில் மின்வேலை பழகியவன். அவளுக்கு இத்தாலியன் ஒரு சொல்லும் தெரியாது. அவனுடைய ஆங்கிலம் விசாச் சோதனையில் அருந்தப்பில் தேறிய ஆங்கிலம். இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது வீட்டில் பேசிய தமிழ் ஒன்றுதான். அவள் தமிழில் ஓட்டை விழுந்த இடமெல்லாம் ஆங்கிலம், அவன் தமிழில் இத்தாலியன். அந்த ஓட்டைத் தமிழிலேயே காதலித்தார்கள், சண்டை பிடித்தார்கள், லண்டனில் என்ன மாதிரி வீடு எடுப்பது என்றும் பேசினார்கள். மாப்பிள்ளை லண்டனுக்கு வருவார் என்று பெண் வீட்டார் சொன்னபோது மாப்பிள்ளை வீட்டில் எல்லாரும் தலையாட்டினார்கள். யாருக்குத்தான் லண்டன் கசக்கும்?

விசா வரும்வரை அவனோடு இருப்பதென்று ஒக்ரோபரில் அவள் பலெர்மோவுக்குப் போனாள். தன்னந்தனியே திரும்பி வருவதென்றால் அவளால் எந்த நாளும் வரமுடியும். பிரிட்டிஷ் பாஸ்போட் பெட்டிக்குள் இருந்தது. அவனில்லாமல் வருவதில்லை என்று பிடிவாதமாக இருந்தது அவள்தான்.

பழைய சந்தைக்குப் பின்னால் ஒரு ஒடுக்கமான தெருவில் மூன்றாம் மாடி. முதல் நாள் பகல் ஒன்றரை மணிக்குப் பாண் வாங்க இறங்கியவள், தெரு முழுவதும் கடைகள் இழுத்து மூடியிருப்பதைக் கண்டு ஏதோ கலவரம் என்று பயந்து வீட்டுக்கு ஓடிவந்துவிட்டாள். நான்கு மணி மட்டும் நித்திரை கொள்ளும் ஊர் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வரும். கூரைமேல் தண்ணீர்த் தாங்கி நிரம்பும் சத்தத்துக்குக் காது கொடுத்துத் தூங்கப் பழகினாள். கடலுக்கு அப்பால் ஆபிரிக்காவிலிருந்து சூடான காற்று வீசும் நாளில் தோய்த்துப் போட்ட உடுப்பெல்லாம் செம்மண் நிறமாகும். தங்கும் அனுமதிக்காகப் பொலிஸ் தலைமையகத்தில் விடியலில் இருந்து வரிசையில் நின்று, ஜன்னலுக்குப் போனதும், வேறு நாள் வா என்று அனுப்பப்பட்டாள். இப்படி மூன்று தடவை. லண்டனில் ஒரு வரிசையில் நாற்பது பேருக்கு மருந்து விளக்கிச் சொல்கிறவள், அங்கே தன் தலையிடிக்கு ஒரு குளிசை கேட்கத் தெரியாமல் நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். அன்று வீட்டுக்கு வந்து குளியலறைக்குள் இருந்து அழுதாள். ஒக்ரோபர், நவம்பர், டிசம்பர். அம்மாவுக்குப் போன் எடுப்பதே அழுவதற்காகத்தான்.

பிறகு எப்படியோ மாறியது. எந்த நாளில் மாறியது என்று அவளுக்கே தெரியாது. மீன்காரனுக்குப் பதில் சொல்ல வந்தது. மூடிய கடைகளின் மத்தியானம் பிடித்துப்போனது. ஜன்னல் பலகையைச் சாத்திவிட்டு இருட்டில் இருவரும் படுத்திருந்து, எதிர்வீட்டு ரேடியோவைக் கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மலைமேலிருக்கும் மாதா கோயிலுக்குத் தமிழ்ச் சனம் வெறுங்காலோடு ஏறும்போது, சைவக்காரியான அவளும் மாமியோடு ஏறினாள். உச்சியில் நின்று பார்த்தால் கடல் மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு கிடக்கும். ஒருநாள் அங்கே தர்சிகனின் தோளில் சாய்ந்து, "இஞ்ச இருந்தாலும் இருக்கலாம் போல," என்றாள். அவன் அவளுடைய கையை மட்டும் இறுக்கிப் பிடித்தான்.

அது ஏப்ரல்.

இப்போது குசினி மேசையில் விரலை மடக்கி எண்ணினாள். மீன்காரன், மத்தியானம், மலை, கடல், அவன் கையை இறுக்கியது. எல்லாமே மார்ச் ஆறிலும் அதற்குப் பிறகும்.

வாசல் கதவு திறந்தது. அம்மா செல்வமலர் கோயிலால் வந்திருந்தார். நெற்றியில் விபூதி, கையில் அர்ச்சனைத் தட்டு. அப்பா யோகராஜா முடி வெட்டுகிற இடத்தில் இறங்கிவிட்டாராம், அங்கே அரசியல் முடிந்தால்தான் வருவாராம். அம்மா சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றினார். பிறகுதான் மகளின் முகத்தைப் பார்த்தார்.

"என்னடி, பேயைக் கண்ட மாதிரி இருக்கிறாய்?"

"அம்மா, இவருக்கு விசா எப்ப வந்தது எண்டு தெரியுமே உங்களுக்கு?"

"ஓம். மார்ச்சில." அம்மா தட்டைக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்தார். "ஏன், கம்பெனிக்காரர் ஏதும் கேக்கிறாங்களே?"

அனோஜினி போனைக் கவிழ்த்து வைத்தாள். "உங்களுக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டாள்.

"உன்ர மாமிதான். அருமைநாயகி. வந்த அண்டைக்கே போன் எடுத்தவ. சம்பந்தி எண்டபடியால் உங்களுக்கு மட்டும் சொல்லுறன், பிளேன் ஏறுமட்டும் ஒருத்தருக்கும் மூச்சு விடாதையுங்கோ எண்டு. நானும் விடேல்லை. அப்பாவுக்கே ஏப்ரலிலதான் சொன்னனான்."

அவர்களுடைய ஆட்களிடம் அது எழுதாத சட்டம். விசா வந்தால் வெளியில் சொல்வதில்லை. சொன்னால் கண்பட்டுவிடும், அல்லது யாராவது பொறாமையில் பெட்டிசம் எழுதிப் போட்டுவிடுவார்கள். விமானம் மேலே போன பிறகுதான், போய்விட்டார்களாம் என்று ஊருக்குத் தெரியவேண்டும். அனோஜினி பலெர்மோவுக்குப் போவதற்கு முந்தின கிழமைகூட, பிள்ளை பேர்மிங்ஹாமில் ஒரு கோர்ஸ் செய்யப் போகிறாள் என்றுதான் அம்மா கோயிலில் சொல்லிக்கொண்டு திரிந்தார். அதைக் கேட்டு அனோஜினியும் தர்சிகனும் போனில் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள்.

"எனக்கேன் நீங்கள் சொல்லேல்லை அம்மா?"

"உனக்கு நான் சொல்லுறதே? உன்ர புருசன்ர விசா. நீ எனக்குச் சொல்லுவாய் எண்டு நான் பாத்துக்கொண்டிருந்தன். நீ வாயே திறக்கேல்லை. சரி, பிள்ளையும் கண்பட்டிடும் எண்டு பொத்திப் பொத்தி வைச்சிருக்குது எண்டு..."

அம்மாவுடைய பேச்சு அங்கேயே நின்றது. மகளின் முகத்தில் எதையோ வாசித்தவர், கதிரையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இருந்தார்.

"உனக்குத் தெரியாதோ?"

"ஜூலை மூண்டாம் திகதி வந்ததெண்டுதான் எனக்குச் சொன்னவர்."

அம்மா சேலைத் தலைப்பை எடுத்து நெற்றியைத் துடைத்தார். விபூதியும் சேர்ந்து அழிந்தது.

"நாலு மாசமா நான் என்ன நினைச்சுக்கொண்டு இருந்தனான் தெரியுமே?" என்றார். குரல் தாழ்ந்துவிட்டது. "விசாவைக் கையில வைச்சுக்கொண்டு, இஞ்ச வர விருப்பமில்லாமல் நீ அங்க இருக்கிறாய் எண்டு. அப்பாவுக்கு நெஞ்சடைச்சு ஸ்டென்ட் வைச்ச அண்டைக்கும், வா எண்டு நான் கேக்கேல்லை. கேட்டு வாறதெல்லாம் ஒரு வரவே எண்டு இருந்திட்டன்."

"கேட்டிருக்கலாமே அம்மா. ஒரு சொல்லுக் கேட்டிருந்தால்..."

"கேக்கத்தான் இருந்தன். போன் எடுத்தால் உன்ர குரல் விடேல்லை. முதலெல்லாம் எடுத்தவுடன அழுவாய். பிறகு பாத்தால் உனக்கு என்னோட கதைக்க நேரமில்லை. மாமியோட மலைக்குப் போறன், கடலுக்குப் போறம், பிறகு எடுக்கிறன் எண்டு வைச்சிடுவாய். பின்னால ஆரோ சிரிக்கிற சத்தம் கேக்கும். பிள்ளை சந்தோசமா இருக்குது, நான் ஏன் இழுப்பான் எண்டு விட்டிட்டன்."

அனோஜினி மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அவன் மறைத்தது ஒரு அடி. எல்லாருக்கும் தெரிந்து, தனக்கு மட்டும் தெரியாமல் இருந்தது இன்னொரு அடி. இந்த நான்கு மாதமும் அம்மா தன்னைப் பற்றி மனதில் ஒரு பாரத்தைச் சுமந்துகொண்டு, அதைக் காட்டாமல், சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது எல்லாவற்றையும்விடப் பெரிய அடி. அம்மாவின் கை வந்து அவள் முதுகில் இருந்தது. தடவவில்லை. சும்மா இருந்தது.

தர்சிகன் வந்தபோது மணி பதினொன்றரை. மழையில் நனைந்திருந்தான். வெளியே போகும்போது மழை இல்லை என்றால் குடையும் வேண்டாம் என்று நம்புகிற ஊரிலிருந்து வந்தவன். பூங்காவுக்குள் போய் வழி தவறி, வேறெங்கோ வெளியே வந்துவிட்டானாம். யாரையும் கேட்கக் கூச்சமாக இருந்ததாம். சொல்லிக்கொண்டே உள்ளே வந்தவன் இரண்டு பெண்களின் முகத்தையும் பார்த்து நின்றுவிட்டான்.

செல்வமலர் எழும்பினார். வந்து இறங்கிய நாள் முதல், மருமகன் படி தாண்டினால் போதும், "சாப்பிட்டீங்களே தம்பி" என்று கேட்காமல் அவர் விட்டதில்லை. இன்று அவனைக் கடந்து, ஒன்றும் கேட்காமல் மாடிக்குப் போனார். தர்சிகனுக்கு அதிலேயே பாதி விளங்கிவிட்டது.

அனோஜினி மடிக்கணினியை அவன் பக்கம் திருப்பினாள். "வாசியுங்கோ."

அவன் வாசித்தான். ஆங்கிலம் மெதுவாக வருகிறவனுக்கும் ஒரு திகதியை வாசிக்க நேரம் எடுக்காது. நனைந்த சட்டையோடு அப்படியே நின்றான்.

"அலோரா..." என்றான். பேச்சு முட்டும்போதெல்லாம் அவன் வாயில் வரும் இத்தாலியச் சொல்.

"சொல்லுங்கோ."

"என்ர அம்மா சொன்னவ, பிளேன் ஏறுமட்டும் ஒருத்தருக்கும் சொல்லாத எண்டு."

அனோஜினிக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பல்ல. "மாமி என்ர அம்மாவுக்குச் சொல்லிப்போட்டா. அம்மா அப்பாவுக்குச் சொல்லிப்போட்டா. உங்கட பக்கத்தில உங்கட தங்கச்சிக்கும் தெரிஞ்சிருக்கும். கண்படுத்துற ஆள் நான் ஒருத்திதானே?"

அவன் கதிரையில் இருந்தான். கைகளை மேசைக்கு மேல் வைத்தான், பிறகு கீழே எடுத்தான். இனி ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லை என்று கண்டவன்போல் சொல்லத் தொடங்கினான். சேகரின் கடிதம் வந்தபோது அவன் கப்பல் தளத்தில் நின்றானாம். தாய்க்குப் போன் எடுத்துச் சொல்லிவிட்டு, அவளுக்கு நேரில்தான் சொல்லவேண்டும் என்று நேரத்தோடு வீட்டுக்கு வந்தானாம். தெருமுனையில் திரும்பும்போதே சத்தம் கேட்டதாம்.

"நீர் மேல பல்கனியில நிக்கிறீர். கீழ மீன்காரன். கயித்தில கூடை பாதியில தொங்குது. நிறுவை குறைய எண்டு சண்டை பிடிக்கிறீர். அந்த இத்தாலியனைக் கேட்டு முழுத் தெருவும் சிரிக்குது. எதிர்வீட்டுக் கிழவி உமக்காக அவனைத் திட்டுறா. அவன் ரெண்டு கையையும் மேல தூக்கிப்போட்டு இன்னும் ஒரு அள்ளு மத்தி மீன் போட்டான். கூடையை இழுத்து எடுத்துப்போட்டு நீர் சிரிச்சீர். தலைமயிரெல்லாம் அவிண்டு போய், கயித்தைப் பிடிச்சுக்கொண்டு. அஞ்சு மாசத்தில நீர் அங்க சிரிச்சதை நான் அண்டைக்குத்தான் கண்டன்."

அனோஜினிக்கு அந்த நாள் ஞாபகம் இருந்தது. மத்தி மீனைப் பொரித்துச் சாப்பிட்டதும், சாப்பிடுமுன் வழக்கம்போல் விசா வந்ததா என்று கேட்டதும் ஞாபகம் இருந்தது. இன்னும் இல்லை என்று சொல்லிவிட்டு, அவன் தன் பங்கு மீனை அவள் தட்டில் வைத்தான்.

"நாளைக்குச் சொல்லுவம் எண்டு நினைச்சன்," என்றான். "ஒரு நாள், சந்தோசமா இருக்கட்டும் எண்டு. அடுத்த நாள் இன்னொரு நாள். பிறகு சொல்ல ஏலாமப் போச்சு. ஏன் நேற்றுச் சொல்லேல்லை எண்டு கேப்பீரெல்லோ? ஒவ்வொரு நாளும் அந்தக் கேள்வி பெரிசாகிக்கொண்டு போச்சு. மே மாசத்தில நீரும் கேக்கிறதை விட்டிட்டீர்."

அது உண்மை. அது உண்மை என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. மே மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை கேட்க மறந்துபோனாள். அடுத்த வெள்ளி மறக்கவில்லை, கேட்கவில்லை. அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்ததை ஜூலையில் கேள்விப்பட்ட பிறகுதான் பதறிப்போய்த் திரும்பக் கேட்டாள். விடிந்ததும், நேற்று வந்துவிட்டது என்றான்.

"எனக்காகத்தான் மறைச்சதெண்டு சொல்லப் போறீங்களோ?" என்று கேட்டாள். "நான் சிரிச்சனான் எண்டதுக்காக?"

தர்சிகன் நனைந்த சட்டைக் கையை மடித்துவிட்டான்.

"இல்லை," என்றான். "எனக்காக."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்கு இஞ்ச வர விருப்பமில்லை. கலியாணத்துக்கு முதலும் இல்லை. சொன்னால் நீர் என்னைக் கட்டமாட்டீர் எண்டு பயத்தில தலையாட்டினனான். அங்க நான் ஒரு ஆள். கப்பல்ல ஒரு வயர் எரிஞ்சால் என்னைத்தான் தேடுவாங்கள். ரோட்டில நடந்தால் நாலு பேர் பேர் சொல்லிக் கூப்பிடுவாங்கள். இஞ்ச ஒரு படிவம் நிரப்ப நீர் வேணும். மாமா பகிடி விட்டால், எப்ப சிரிக்கிறதெண்டு உம்மட முகத்தைப் பாத்துத்தான் சிரிக்கிறன். நீர் அங்க ஒக்ரோபரில எப்பிடி இருந்தீர் எண்டு எனக்கு இப்பதான் விளங்குது. அண்டைக்கு விளங்கியிருந்தால் ஒரு நாள்கூட மறைச்சிருக்க மாட்டன்."

இதுவரை அவள் அறிந்த தர்சிகன் எதற்கும் அலட்டிக்கொள்ளாதவன். பொலிஸ் வரிசையில் நின்று அவளுக்காகச் சண்டை பிடித்தவன், தண்ணீர் வராத நாளில் மூன்று மாடிக்கு வாளி சுமந்தவன். கலியாணத்துக்கு முன்னரே பயந்து, அதை ஒரு வருடமாக முகத்தில் காட்டாமல் இருந்த ஒருவனை அவள் இப்போதுதான் முதல் தடவை பார்க்கிறாள். கோபம் குறையவில்லை. ஆனால் கோபப்படவேண்டிய ஆள் மாறிவிட்டதுபோல் இருந்தது.

"நீங்கள் என்ன செய்திருக்கிறீங்கள் எண்டு உங்களுக்கு விளங்குதே?" அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவனுக்கு இலேசாக இருந்திருக்கும். "வீட்டை போக ஏலாது, விசா வரேல்லை, இருக்கிறதுதான் வழி எண்டு நினைச்சு நான் அந்த ஊரில இருக்கப் பழகினனான். பிடிச்சுது. மலையில வைச்சு உங்களுக்குச் சொன்னனான், இஞ்ச இருந்தாலும் இருக்கலாம் எண்டு. உண்மையாப் பிடிச்சதோ, வேற வழியில்லாமப் பிடிச்சதோ எண்டு எனக்கு இனித் தெரியாது. அந்த நாலு மாசத்தையும் நீங்கள் எடுத்திட்டீங்கள். உங்களோட நான் சந்தோசமா இருந்ததே அந்த நாலு மாசம்தான்."

அவன் கண்கள் நிறைந்துவிட்டன. துடைக்கவில்லை. மன்னிப்புக் கேட்டான், தமிழில் ஒரு தடவை, போதாது என்று தன் ஊர்ப் பாஷையில் ஒரு தடவை. அவள் எழும்பிப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்து, ஆறிய தேத்தண்ணீரை ஊற்றிவிட்டு, கோப்பையைத் தேவைக்கு மேல் கழுவினாள்.

அவள் திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது. மேசையில் இருந்த மடிக்கணினியை அவனுக்கு இன்னும் கிட்டத் தள்ளினாள்.

"கம்பெனிக்கு எண்ணை நான் அனுப்பப் போறதில்லை. நீங்களே எடுத்து அனுப்புங்கோ. அனுப்ப விருப்பமில்லாட்டி, இல்லை எண்டு இப்பவே சொல்லுங்கோ. நாலு மாசம் கழிச்சுச் சொல்லவேண்டாம்."

"அனுப்பினால்?"

"அனுப்பினால் நாலு மாசம் இஞ்ச இருங்கோ. விருப்பமில்லாமல் இருக்கிறன் எண்டு எனக்குச் சொல்லிச் சொல்லி இருங்கோ. எனக்குக் கேக்கவேணும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கேப்பன். அதுக்குப் பிறகு நான் அங்க வந்து நாலு மாசம் இருப்பன். இந்த முறை, நினைச்சால் அடுத்த பிளேனில வீட்டை வரலாம் எண்டு தெரிஞ்சு இருப்பன். அப்பவும் எனக்கு அந்த ஊரைப் பிடிக்குதோ எண்டு பாக்கவேணும்." நிறுத்தினாள். அடுத்ததைச் சொல்வதா விடுவதா என்று ஒரு கணம் யோசித்துவிட்டுச் சொன்னாள். "உங்களைப் பிடிக்குதோ எண்டும்."

அவன் முகம் வெளிறியது. அவள் அதைக் கண்டாள். கண்டும் சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்கவில்லை.

தர்சிகன் ஈரக் கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு மடிக்கணினியை இழுத்தான். ஒவ்வொரு வரியையும் உதடு அசைய வாசித்தான். ஓரிடத்தில் நின்று, இந்தச் சொல்லுக்கு என்ன கருத்து என்று கேட்டான். அவள் சொன்னாள். அதற்கு மேல் உதவவில்லை. ஒரு கட்டத்தில் பிழையாக எழுதி, திரும்ப முதலிலிருந்து தொடங்கவேண்டி வந்தது. அனோஜினிக்கு ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலை அவனுக்கு முக்கால் மணித்தியாலம் எடுத்தது. எண் வந்தது. அதைக் கம்பெனியின் முகவரிக்கு எழுதி, தன் பெயரையும் போட்டான். பெயருக்கு மேல் ஒரு ஆங்கில வசனம் எழுதலாமா என்று யோசித்து, நன்றி என்று மட்டும் எழுதி அனுப்பினான்.

"அனுப்பியாச்சு," என்றான். பிறகு, "எனக்கு இஞ்ச விருப்பமில்லை," என்றான்.

"கேட்டுது," என்றாள் அனோஜினி.

மாடியிலிருந்து படி இறங்கும் சத்தம் கேட்டது. செல்வமலர் குசினி வாசலில் வந்து நின்றார். அரிசி வைக்க வேண்டும், அப்பா வந்துவிடுவார் என்று யாருக்கும் சொல்லாமல் பொதுவாகச் சொன்னார். மருமகனின் பக்கம் பார்க்கவில்லை.

"அம்மா, கொஞ்சம் இருங்கோ," என்றாள் அனோஜினி. "இவர் உங்களுக்கு ஒரு விசயம் சொல்லவேணும்."

தர்சிகன் அவளைப் பார்த்தான். அவள் உதவிக்கு வரப்போவதில்லை என்று தெரிந்தது. எழும்பி நின்றான். ஒரு வருடத்தில் மாமியாரோடு அவன் பேசியதெல்லாம் சாப்பாடு நல்லாயிருக்குது, ஓம், காணும் என்ற மூன்றுக்குள் அடங்கிவிடும்.

"மாமி," என்று தொடங்கினான். "மார்ச் ஆறாந்திகதி எனக்கு விசா வந்தது. அண்டைக்கே எனக்குத் தெரியும். அனோஜினி கேட்டவ. நான் இல்லை எண்டு சொன்னனான்."

செல்வமலர் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். அனோஜினி அரிசிச் சட்டியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, அரிசியைக் கழுவிக் கழுவிக் கேட்டாள். கூடை, மீன், பயம், ஒவ்வொரு வெள்ளியும் சொன்ன பொய், எல்லாம் வந்தது. சொல் முட்டிய இடத்தில் அலோரா என்று மூச்சு விட்டுக்கொண்டு திரும்பத் தொடங்கினான். எதையும் விடவில்லை. விடுவான் என்று அவள் எதிர்பார்த்த இடம் ஒன்று இருந்தது, கலியாணத்துக்கு முன் தலையாட்டிய இடம். அதையும் சொன்னான்.

தண்ணீர் எப்போதோ தெளிந்துவிட்டது. அவள் குழாயை மூடாமல் நின்றாள்.